பட்டப்பெயரை அச்சில் ஏற்றியவள்

"ஓடிப் போனா, ஓடிப் போனாங்கியே, யாரு கூட ஓடிப் போனா? குடத்தக் கீழ வச்சிட்டுச் சொல்லுளா ஹில்டா."

"நான் சொல்லல ஆச்சி, ஊரு சொல்லுது. செந்தூர்பாண்டி அண்ணாச்சி வண்டியில ஏறுனத நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தேல்லா? அந்த அண்ணாச்சி இப்ப எங்கன இருக்காரு? அச்சாபீசுல நின்னு தாள் வெட்டிக்கிட்டு இருக்காரு, போய்ப் பாரு. பொம்பளையக் கூட்டிட்டு ஓடுதவரு, பஸ் ஸ்டாண்டுல அவள இறக்கி விட்டுட்டு வந்து கடையத் தொறப்பாராளா?"

"அப்போ அவ எங்கதான் போனா?"

இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் மருமகள் பிறந்த சாயர்புரத்தில் கேட்டாயிற்று, அங்கே வரவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது. பின்வீட்டு ஹில்டா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜெயித்தவள் மாதிரி போனாள். அந்த இடுப்பில் நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது. அதனால்தான் இதைச் சொல்லி எழுதச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஈவாஞ்சலின் என் மருமகள். என் மகன் இஞ்ஞாசி கட்டிக்கொண்டு வந்தவள். சாயர்புரத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவரின் ஒரே பெண். அங்கே ஒரு பந்தயத்துக்குப் பந்தாடப் போன என் மகன், கோப்பையைத் தோற்றுவிட்டு, மாஸ்டர் மகளைப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டு பக்கமும் வேதக்காரர்தான். ஆனால் அவர்கள் சபைக்காரர்கள், மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றாதவர்கள். அது போதாதா எங்கள் தெருவுக்கு? கட்டி வந்த நாளிலிருந்து அவளுக்குச் 'சாயர்புரத்தா' என்றே பெயர். கடைசி வரைக்கும் அது மாறவில்லை.

கல்யாணம் முடிந்து அவள் சாமான் வண்டி வந்தபோது, கட்டில் பீரோ பார்க்கத் தெருவே வாசலில் நின்றது. வந்தது ஒரு தகரப் பெட்டி. இரண்டு ஆள் பிடித்துத்தான் இறக்கினார்கள். வெள்ளிப் பாத்திரமாக இருக்கும் என்று எனக்கும் ஒரு நினைப்பு. திறந்தால் புத்தகம். அவள் அப்பா சேர்த்து வைத்தது, அத்தனையும் இங்கிலீஷ், அத்தனையும் பந்து விளையாட்டைப் பற்றியது.

"பந்து உதைக்கதுக்குப் புஸ்தகமா? உங்க மருமவ படிச்சிட்டு உதைப்பாளா, உதைச்சிட்டுப் படிப்பாளா ஆச்சி?" என்று கேட்டவளும் இந்த ஹில்டாதான்.

என் வீட்டில் பந்துக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் ஆடினார், மகன் ஆடினான். கோயிலுக்குப் பக்கத்து மணலில்தான் எங்கள் கால்பந்துக் கழகத்து மைதானம். ஒடிந்த பாய்மரம்தான் கோல் கம்பம், கிழிந்த மடி வலைதான் கோல் வலை. ஆனால் உதைத்த பந்தை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுவான், அதை இன்னொரு ஆள் காசு கொடுத்து வாங்கிப் படிப்பான் என்பது அவள் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் நான் முற்றத்தில் கருவாடு பொறுக்குவேன். அவள் குசினியில் சமையல் வேலையை முடித்துவிட்டு, ஒரு புத்தகத்தோடு வந்து எனக்கு எதிரில் உட்காருவாள். இங்கிலீஷைக் கண்ணால் பார்ப்பாள், தமிழை வாயால் சொல்லுவாள். எந்தெந்தத் தேசத்துக் கதையோ! பெரிய சண்டை நடந்த காலத்தில், இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் கிறிஸ்துமஸுக்குத் துப்பாக்கியை வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறி வந்து நடுவெளியில் பந்து உதைத்தார்களாம்.

"யாரு ஜெயிச்சா?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க மாமி."

"அப்ப நம்ம ஊர்க்காரனுவளும் அதுல இருந்திருக்கானுவ" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த புத்தகம் கருவாட்டுக் கூடையில் விழுந்தது. அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் வாடை இருக்கும்.

இன்னொன்று சொன்னாள். பிரேசில் தேசத்தில் ஒரு கோல்கீப்பர். சொந்த ஊர் மைதானத்தில், கடைசிப் பந்தயத்தில் ஒரு கோலை விட்டுவிட்டார். அந்த ஒரு கோலுக்காக ஊர் அவரைச் சாகிற வரைக்கும் பேசியதாம். வயதான காலத்தில் கடைக்குப் போனால் பொம்பளைகள் பிள்ளைக்குக் கைநீட்டிக் காட்டினார்களாம், நம்மை எல்லாம் அழ வைத்தவன் இவன்தான் என்று. அது என்ன ஊர், மனுஷர் வாழ்கிற ஊரா என்று நான் அன்றைக்குத் திட்டினேன். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

குழந்தை தங்கவில்லை. அதற்கும் தெரு பேசியது. வீட்டிலேயே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் அச்சாபீசில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போனாள். அண்ணாச்சி பனங்காட்டுப் பக்கத்து ஆள், இந்து. கல்யாணக் கடுதாசி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இரண்டும்தான் அவர் தொழில். எங்கள் தெருவிலிருந்து கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவரிடம்தான் போவார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் பட்டப்பெயர் இல்லாத ஆம்பிளை கிடையாது. ஞானஸ்நானத்துக்கு எல்லாருக்கும் புனிதர்களான அதே அஞ்சாறு அர்ச்சியசிஷ்டர் பெயரைத்தான் வைப்போம். கடற்கரையில் நின்று ஒரு சந்தியாகுவைக் கூப்பிட்டால் படகு படகாகத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒருவன் சாளை, ஒருவன் நண்டு, ஒருவன் கணவாய். என் மகன் சாளை, அவ்வளவு ஒல்லி. கூப்பிட்டால் கோபம் கிடையாது, பெற்ற தாயும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் காகிதத்தில் அந்தப் பெயர் ஏறாது. கல்யாணக் கடுதாசியில் ஏறாது, கோயில் வரிச் சீட்டில் ஏறாது. ஒரே ஒரு தடவைதான் ஏறும். ஆள் செத்த பிறகு, சுவரொட்டியில். அடுத்த தெருவுக்கும் கடலிலிருந்து திரும்புகிற படகுக்கும் போனது யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சாயர்புரத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்தது அச்சாபீசைத்தான். செத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாம், "பட்டப்பேரப் பெருசாப் போடும்மா, அதான் அவருக்கு மரியாதி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வருஷக் கணக்காக அதைக் கேட்டவள், பெரிய எழுத்தில் பட்டப்பெயர் போட்டால் அது மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு இவ்வளவுதான். இதைத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன்.

கழகத்துக்குப் பவள விழா வந்தது. கழகச் செயலாளர், செந்தூர்பாண்டி அண்ணாச்சியிடம் விழா மலர் அடிக்கக் கொடுத்தார். ஆயர் வாழ்த்து, சாமியார் வாழ்த்து, ஐஸ் கம்பெனி விளம்பரம், வலைக்கடை விளம்பரம். ஈவாஞ்சலின் அன்றைக்கு வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமி, எங்க அப்பா பெட்டியில இருக்கிற மாதிரி ஒரு புஸ்தகம். இந்தத் தெரு ஆட்டத்தைப் பத்தி. நான் எழுதுறேன்னு செயலாளர்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

"உனக்கு எதுக்கு மக்கா இந்த வேண்டாத வேல?"

"எழுதிட்டா என்னைச் சாயர்புரத்தான்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆடி முடித்த கிழங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். தனியாகப் போனால் பேச்சு வரும் என்று நானும் கூடப் போனேன். போனை நடுவில் வைத்துப் பேசச் சொல்லுவாள். சின்ன போன், நிறையப் பிடிக்காது. ஒருவர் பேசியதை எழுதி முடித்ததும் அதை அழித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். அந்தக் கிழங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! சொந்த மகனிடம் பத்து வார்த்தை பேசாதவர்கள் அவளிடம் பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். கேட்பதற்கு ஒரு ஆள் வந்துவிட்டாளே.

அடுத்த வீட்டுக் கஸ்பார் அண்ணனைத்தான் அவளுக்கு மிகவும் பிடித்தது. அவருக்கு டயானா என்று ஒரு மகள். சங்கு குளித்த மனுஷன், அதிலேயே நெஞ்சும் போய்விட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். எங்கள் கழகத்துக்கு அவர்தான் கோல்கீப்பர். மணலில் கையை விரித்துக்கொண்டு விழுந்தால் திருக்கை மீன் படுத்த மாதிரியே இருக்கும், அதனால் திருக்கை.

திருவிழாக் கோப்பைக் கடைசி ஆட்டத்தில் பெனால்டி பிடித்த கதையைச் சொன்னார். "விசில் ஊதுனதும் நான் மூச்ச அடக்கிட்டேன், தண்ணிக்குள்ள முங்குத மாதிரி. உதைக்க வந்தவன் கெட்டிக்காரன். இவன் மூச்சு விடட்டும், அப்ப அடிப்போம்னு நிக்கான். நானும் விடல. அவனும் அடிக்கல. பாத்துக்கிட்டு நின்ன சனம் பூரா மூச்ச அடக்கிட்டு. கடைசில அவனுக்குத்தான் மூச்சு முட்டிச்சு. அடிச்சான் பாரு, நேரா என் நெஞ்சுல."

"பந்தைப் பிடிச்சிட்டு மயங்கி விழுந்தாரே, அதச் சொல்லல பாத்தியா" என்றேன் நான்.

"நீ சும்மா கெட ஏளா. யம்மா, நீ எழுது. ஆனா ஒண்ணு, கஸ்பார்னு போடாத. என் பேரு கஸ்பார்னு என் பொஞ்சாதிக்கே தாலி கட்டுன அன்னைக்குத்தான் தெரியும். கஸ்பார் பெனால்டி பிடிச்சான்னா எவன் நம்புவான்? திருக்கைன்னு போடு. பெருசாப் போடு."

அவர் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். இந்தக் காதால் கேட்டேன். டயானா அப்போது மீன் வாங்கப் போயிருந்தாள்.

அவரைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, கையை விரிக்கச் சொல்லி, ஈவாஞ்சலின் போனில் ஒரு படம் எடுத்தாள். பல்லில்லாத வாயோடு சிரிக்கிறார். அவர் சிரித்த படம் அந்த வீட்டில் வேறு ஒன்று கிடையாது.

எழுதி முடித்து எனக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினாள். திருக்கை, கணவாய், நண்டு என்று பெயர் வர வர நான் சிரித்தேன். காதுக்கு அது தெருப் பேச்சுதானே. செயலாளரும் பார்த்தார். தன் படமும் ஆயர் வாழ்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், அடிக்கச் சொல்லிவிட்டார். நிர்வாகிகள் பெயர் மட்டும் ஞானஸ்நானப் பெயராகவே இருந்தது. அது அவரே எழுதிக் கொடுத்தது.

விழா மேடையில் மைக்கில் பட்டப்பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் விசிலும் சிரிப்பும். புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சத்தம் குறைந்தது. ஆம்பிளைகள் பக்கத்தைத் திறந்தார்கள். மூடினார்கள். பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டினார்கள். படம், கீழே பெரிய எழுத்தில் பட்டப்பெயர். சாவுக்குச் சுவரில் ஒட்டியதை மடித்துத் தைத்துக் கையில் கொடுத்த மாதிரி. உயிரோடு இருக்கிறவன் செத்தவனுக்குப் பக்கத்தில். எல்லாரும் கடலை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கஸ்பார் அண்ணன் மட்டும் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருமினார்.

அடுத்த வாரம் அவர் செத்துப்போனார்.

நெஞ்சு போன மனுஷன் என்று சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் கைவிட்டு நெடுநாள் ஆகியிருந்தது. டயானாவே அழுதுகொண்டு அச்சாபீசுக்கு ஓடினாள். "அக்கா, நீங்க எடுத்த போட்டோவையே போடுங்க, அப்பா அதுலதான் சிரிச்சிருக்காவ" என்று கையைப் பிடித்துக் கேட்டாளாம். ஈவாஞ்சலினும் அழுதுகொண்டே கோத்தாள். விடிந்தபோது தெருமுனையிலும் கோயில் சுவரிலும் மீன் ஏலக் கூடத்திலும் கஸ்பார் அண்ணன் கையை விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அதே படம், அதே பெரிய எழுத்து, அதே பெயர். போன வாரம் புத்தகத்தில், இந்த வாரம் சுவரில். உயிரோடு இருக்கும்போதே அச்சில் ஏறியதுதான் அவரைக் கொண்டுபோயிற்று என்று பார்த்தவன் எல்லாம் முடிவு கட்டிவிட்டான்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது எங்கள் வாசலில் ஒரு புத்தகம் கிடந்தது. மறுநாள் இன்னும் சில. திருப்பிக் கொடுக்க யாரும் கதவைத் தட்டவில்லை, படியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஈவாஞ்சலின் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். கணவாய் படம் இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. அவர் பிள்ளைகள் அப்பாவைக் கத்தரிக்கோலால் வெட்டி வெளியே எடுத்துவிட்டார்கள். அடுத்ததில் நண்டு இல்லை. பிரித்த புத்தகத்தில் எல்லாம் ஜன்னல் ஜன்னலாக இருந்தது. அவள் ஒவ்வொன்றாக மூடி அடுக்கினாள்.

இஞ்ஞாசியைப் படகில் ஏற்றவில்லை. "சாளை, நீ கொஞ்ச நாளைக்கு வராண்டாம்" என்று துறையிலேயே சொல்லிவிட்டார்களாம். அவன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொண்டாட்டியைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டயானா தன் புத்தகத்தைக் கையில் கொண்டுவந்தாள். அதை அவள் வெட்டவில்லை.

"எங்க அப்பாவ நீதானக்கா முதல்ல ஒட்டுன."

"டயானா, அப்படிப் போடச் சொன்னது அவங்கதான்" என்றாள் ஈவாஞ்சலின்.

"என்னது? எங்க அப்பா தனக்கே போஸ்டர் கேட்டாவளா? சாவக் கூப்பிட்டாவளா? செத்த மனுஷன் மேல பழியப் போடுதியே, நீ நல்லா இருப்பியா?"

நான் நடுவில் போனேன். நான் கேட்டேன், என் முன்னால்தான் சொன்னார் என்றேன். "போங்க ஆச்சி, உங்களுக்கு எழுத்தா தெரியும், படிப்பா தெரியும்? புஸ்தகத்துல என்ன இருக்குன்னு நீங்க என்னத்தக் கண்டிய?" என்றாள். எனக்குக் காது இருக்கிறது என்றேன். மருமகளுக்கு மாமியார் சாட்சியா என்று ஹில்டா மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள். போனில் இருந்த அவர் குரலோ முன்பே அழிந்துபோயிற்று, அடுத்த கிழத்துக்கு இடம் வேண்டி.

செயலாளர் வந்து சமாதானம் சொன்னார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மைக்கைக் கொடுப்பார்களாம். கஸ்பார் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டயானா மனசு ஆறிவிடும், தெருவும் விட்டுவிடும், இஞ்ஞாசியும் படகேறலாம்.

"சொல்லிட்டுப் போயேன்" என்றான் என் மகன். "ஒரு வார்த்ததானே. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?"

"அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். இது இல்லைன்னா அந்த மூச்சடக்கின கதையும் இல்லை. எல்லாரும் சொன்ன எல்லாமே நானாகப் போட்டதாயிரும்."

"புஸ்தகமா குடும்பமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். அவன் திண்டாட்டமும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரில் யாரைத் தேற்றுவது என்றுதான் தெரியவில்லை.

பூசைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் கடைசி வரிசையில் நின்றாள். சாமியார் பீடத்தை விட்டு இறங்கியதும் செயலாளர் மைக்கை நீட்டினார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் மைக்கைப் பிடித்தாள். விடு, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. மாட்டாள் என்றும் தெரிந்தது.

"டயானா, அப்பா போனது எனக்கும் வருத்தமா இருக்கு" என்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும் நின்றாள். கஸ்பார் அண்ணன் பெனால்டிக்கு நின்ற மாதிரி ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு மைக்கைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். டயானா எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். என் மகனும் எழுந்து போனான்.

மறுநாள் காலையில் இஞ்ஞாசி வீட்டில் இல்லை. ஏதாவது படகில் ஏற்றுவார்களா என்று துறையில் போய் நிற்கப் போயிருந்தான். நான் முற்றத்தில் கருவாட்டை விரித்துக்கொண்டிருந்தேன். அவள் குளித்து, தலையைப் பின்னி, தோளில் ஒரு பையோடு வந்தாள். தகரப் பெட்டியை எடுக்கவில்லை.

"அச்சாபீசுச் சாவியைக் கொடுக்கணும் மாமி."

"சாவி குடுக்கதுக்கு எதுக்குளா சேலைய மடிச்சிப் பையில வச்சிருக்க?"

பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. கையெல்லாம் உப்பு. எழுந்து கையைப் பிடித்திருந்தால் நின்றிருப்பாளா என்று கேட்காதீர்கள். நிற்க வைத்து அவளை எங்கே உட்கார வைப்பேன்? அந்தத் தெருவிலா?

"எப்ப வருவ?"

"சோறு வடிச்சு வச்சிருக்கேன். அவங்களுக்கு மீன் பொரிச்சு மூடி வச்சிருக்கேன்."

வாசற்படியில் புத்தகங்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் செருப்பு அதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, அடுக்கு சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பை உருவி எடுத்தாள். போட்டுக்கொண்டாள். புத்தகம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"கதவைச் சாத்திக்கோங்க மாமி. கருவாட்டுக்கு நாய் வரும்."

மைதானத்துப் பக்கமாக நடந்து போனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாய் வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.